படுதா கட்டிய களம்

மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு என்ன மரம் அறுத்தோம் என்று தெரிந்துவிடும். வேம்பு என்றால் வெளிறிய மஞ்சள். பூவரசு என்றால் காய்ந்த ரத்தத்தின் நிறம். மாமரம் எதையும் காட்டிக்கொடுக்காது, சளியோடு சளியாகப் போய்விடும். வாகைக்கு நிறம் பார்க்க வேண்டியதே இல்லை. முதல் பலகை விழுவதற்குள் கொட்டகையில் இருக்கும் அத்தனை பேரும் தும்மிக்கொண்டிருப்போம். தும்மல் நின்றதும் கண் எரியும். கண் எரிச்சல் அடங்கியதும், அது எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அக்காவுக்கு முப்பது. அம்மா அப்பா இல்லை. அத்தான் நடவு வயலில் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். போகும் முன் கூத்தாநல்லூர்ச் சாலைக்குக் கிழக்கே, எங்கள் தெருவின் கடைசியில், மண் குழைத்து ஒரு வீடு எழுப்பிக் கொடுத்திருந்தார். வீடு அத்தானுடையது. வீடு நின்ற மண் பண்ணையுடையது. எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் அப்படித்தான் நின்றன, அடுத்தவர் தோளில் ஏறி உட்கார்ந்த மாதிரி.

கழக ஆட்சி வந்து சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று ஒரு சட்டம். ஒரு குடும்பம் இத்தனை ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு சட்டம். சட்டம் வானொலியில் உடனே வந்துவிடும். காகிதமாகத் தெருவுக்கு வந்து சேர வருடக்கணக்காகும். அந்த இடைவெளியில்தான் நாங்கள் எல்லோரும் வாழ்ந்தோம்.

அதற்கு முந்தைய அறுவடையில் கூலி கேட்டு எங்கள் தெரு வேலைக்குப் போகாமல் இருந்தது. பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கிக் கதிர் அறுத்தது. தெருமுனையில் செங்கொடி பறந்தது, தெருவுக்குள் அடுப்பு எரியவில்லை. அடுத்த வருடம் பண்ணைக்காரர் களத்துமேட்டில் மரம் அறுக்கும் மில் போட்டார். நெல் அடுக்கி வைத்த அதே கொட்டகை. களமாக இருந்தால் நிலக் கணக்கில் வரும், மில்லாக இருந்தால் தொழிற்சாலை என்று யாரோ அவருக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். மீதி நிலத்தை மாட்டுக்காரர் பேரிலும் சமையல்காரர் பேரிலும் எழுதி வைத்தார்.

"இன்னும் கொஞ்ச நாள்ல பண்ணை நாய் பேருலயும் ரெண்டு மா நிலம் எழுதிடுவாரு. அப்புறம் நாம நாயைப் பாத்தா துண்டை இறக்கிட்டு நிக்கணும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன்.

அந்த அண்ணன்தான் பிறகு மில்லில் ரம்பக்காரர் ஆனார். தெருமுனையில் கொடிக்கம்பம் நட்டவரும் அவரே, மில்லுக்குப் போன முதல் ஆளும் அவரே. இரண்டாவது என் அக்கா. மூன்றாவது நான்.

காரணம் எளிமையானது. பண்ணைக்காரர் எங்கள் மூன்று பேரையும் களத்தில் நிற்க வைத்துச் சொன்னார்: "மில்லுக்கு வர்ற வீட்டு மேல மனை விசாரணையில நான் ஆட்சேபணை போட மாட்டேன். வராத வீட்டைப் பத்தி இப்ப எதுவும் சொல்றதுக்கில்ல."

குழாயடியில் எங்களுக்கு ஒதுங்கி வழி விட்டார்கள். "வழி விடுங்கடி, ஐயாவோட மரம் காத்துக்கிட்டு நிக்குது" என்று ஒருத்தி சொல்வாள். அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "மரம் காத்திருக்கும். நீ பேசிட்டு வா" என்பாள். வீட்டுக்குள் வந்த பிறகு குடத்தை இறக்காமல் சிறிது நேரம் அப்படியே நிற்பாள்.

*

கணக்கெடுக்க அதிகாரிகள் வருவதற்குள் உபரி நிலத்தில் நிற்கிற மரத்தையெல்லாம் படுக்கப் போட்டுவிட வேண்டும். இதுதான் மில்லின் அவசரம். நிலம் போனாலும் மரம் மிஞ்சட்டும். வரப்பு வாகை, வாய்க்கால் பூவரசு, கொல்லை மா, நூறு மாடுகள் நிழலுக்கு ஒதுங்கிய வேம்பு, எல்லாம் களத்துக்கு வந்து அடுக்கடுக்காகக் கிடந்தன. சாலையில் போகிறவர் கண்ணில் படக்கூடாது. செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் மனு எழுதிவிடுவார்கள். அதனால் கொட்டகையின் மூன்று பக்கமும் மேலிருந்து தரை வரைக்கும் படுதா இறக்கிக் கட்டினார்கள்.

எங்களை ஒரு விஷயம் திகைக்க வைத்தது. களம் என்றால் காற்று. காற்றுக்காகத்தான் களத்தை மேட்டில் வைப்பார்கள். தூற்றுகிறவர்கள் முறத்தில் நெல்லை ஏந்திக்கொண்டு, வெண்ணாற்றுப் பக்கமிருந்து காற்று எழும்பும்வரை கையை உயர்த்தியபடி நிற்பார்கள். வந்ததும் விடுவார்கள். நெல் காலடியில் விழும், பதர் தள்ளிப் போய் விழும். காற்று வந்து பிரித்துக் கொடுக்கும். அதே களத்தில் இப்போது காற்று வரக்கூடாது என்று கட்டிப்போட்டிருந்தார்கள்.

அண்ணன் மரத்தை ரம்பத்துக்குள் தள்ளுவார். நான் மறுபக்கம் நின்று பலகையை இழுப்பேன். ரம்பத்துக்குக் கீழே ஒரு குழி. அக்கா அந்தக் குழிக்குள் குந்தியிருந்து, கொட்டுகிற தூளைக் கூடையில் வாரி மேற்கு மூலைக் குவியலில் கொண்டுபோய்ப் போடுவாள். தலைக்கு மேலே ரம்பம் அலறிக்கொண்டிருக்கும். காலையில் மோட்டாரைப் போட்டதும் முதலில் விட்டத்திலிருந்து தூள் உதிரும். முந்தின நாள் மேலே போய் உட்கார்ந்தது, முந்தின வாரம் உட்கார்ந்தது, மெல்லிசாக, மாவு மாதிரி. வெயில் படுதாவின் ஓட்டை வழியாக ஒரு கோடாக இறங்கும். அந்தக் கோட்டுக்குள் பார்த்தால் தூள் கீழே விழுவதே இல்லை என்பது தெரியும். மிதந்துகொண்டே இருக்கும். நாங்கள் அதற்குள் நின்று பேசினோம், சிரித்தோம், தூக்குவாளியைத் திறந்து சோறு தின்றோம்.

அக்காவுக்கு அது நெல் போலத்தான். குவியலின் தோள்பட்டையைக் கையால் தட்டிச் சமன் செய்வாள். மாலையில், களத்தில் குவித்த நெற்பொலிக்குக் குறி வைக்கிற மாதிரி, உச்சியில் சாணியைக் கரைத்து நாலு பக்கமும் ஒரு கோடு இழுத்துவிட்டு வருவாள்.

"யாரு திருடப் போறாங்கன்னு குறி வைக்கறே?" என்று அண்ணன் கேட்டார்.

"வச்சுப் பழகிடுச்சு அண்ணே. குவிச்சதை அம்மணமா விட்டுட்டு வர முடியல."

முன்பெல்லாம் தூளை டீக்கடைக்காரர்கள் சாக்கில் அள்ளிப் போவார்கள். தகர அடுப்பின் நடுவே பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் மரத்தூளைத் திணித்துப் பாட்டிலை உருவிவிட்டால், ஒரு பொழுது முழுக்க நின்று எரியும். மெதுவாக, கரியாமல், புகையாமல். தூள் என்றால் மெதுவாக எரிவது என்று நாங்கள் நம்பியதற்கு அந்த அடுப்புதான் காரணம். மரம் அறுப்பது வேகமான பிறகு எடுத்துப் போக ஆள் போதவில்லை. குவியல் விட்டத்தை எட்டியது.

அக்கா மட்டும் படுதாவோடு சண்டை போட்டாள். குழியிலிருந்து ஏறி வரும்போதெல்லாம் மேற்குப் பக்கத்துப் படுதாவின் அடியை ஒரு கல்லால் தூக்கி முட்டுக் கொடுப்பாள். ஒரு முழம் வெளிச்சம் வரும். ஒரு முழம் காற்று வரும். அங்கே முகத்தை வைத்து நாலு மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பக் குழிக்குள் இறங்குவாள். பண்ணைக்காரர் வருகிற சத்தம் கேட்டால் கல்லைக் காலால் தட்டிவிட வேண்டும். ஒருநாள் தட்ட மறந்துவிட்டாள்.

"படுதாவைத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"மூச்சு முட்டுதுங்க ஐயா."

"எனக்கு முட்டலியே" என்றார் அவர், படுதாவுக்கு வெளியே நின்றுகொண்டு.

கெட்டவர் என்று எழுதி முடித்துவிடலாம். அது போதாது. சாயங்காலம் போகும்போது ஆளுக்கு ஒரு உருண்டை வெல்லம் அவர் கையாலேயே கொடுப்பார். நெஞ்சில் ஒட்டியிருக்கிற தூளை வெல்லம் இழுத்துக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடும் என்று அவர் நம்பினார். நாங்களும் நம்பினோம். வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு வரப்பில் நடக்கும்போது, நெஞ்சு உண்மையாகவே கொஞ்சம் இளகுகிற மாதிரி இருக்கும். அது வெல்லம் இல்லை. வயல் காற்று.

*

இருமல் முதலில் நாய்க்குட்டி மாதிரி வந்தது. சின்னதாக, வறட்சியாக, விரட்டினால் போய்விடுகிற மாதிரி. பிறகு வீட்டிலேயே தங்கிவிட்டது. அக்கா படுத்தால் இருமல் எழுந்துகொள்ளும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி தூங்கக் கற்றுக்கொண்டாள். அத்தான் பூசிய மண் சுவரில் அவள் முதுகு பட்ட இடம் மழமழப்பாகிவிட்டது.

ஒரு விஷயத்தை நான் கவனித்தேன். மில்லுக்கு விடுமுறையான நாளில் அவள் மூச்சு சரியாக இருந்தது. மறுநாள் மத்தியானம் திரும்ப ஆரம்பிக்கும். இதை மன்னார்குடியில் டாக்டரிடம் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அக்காவின் முதுகில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். படம் எடுத்துப் பார்த்தார்.

"இது டிபி இல்லம்மா. அந்தப் பயம் வேணாம். தூசி. உள்ள போய்ப் போய் மூச்சுக் குழாய் சுருங்குது. மில்லுல காத்து வருமா?"

"வராதுங்க."

"அப்ப மில்லை விட்டுடு. மருந்து எழுதித் தர்றேன், ஆனா நீ போய் மறுபடி அதையே இழுத்தீன்னா மருந்து என்ன பண்ணும்? இன்னும் கொஞ்ச நாள் போனா விட்டாலும் திரும்பாது. சுருங்கினது சுருங்கினதுதான்."

அக்கா யோசித்தாள். பிறகு கடைக்காரரிடம் தவணை கேட்கிற குரலில் கேட்டாள்: "பட்டா வர்ற வரைக்கும் தாங்கற மாதிரி மருந்து குடுங்க ஐயா."

"பட்டா எப்ப வருது?"

"வருதுங்கறாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸை விட்டு இறங்கி வெண்ணாற்றுக் கரையில் சண்டை போட்டோம். சண்டை என்றால் நான் நடந்துகொண்டே கத்தினேன், அவள் இருபது அடிக்கு ஒரு தரம் நின்று நின்று பதில் சொன்னாள்.

"நாளையிலேருந்து நீ வராதே. நான் போறேன்ல, ஒரு வீட்டுக்கு ஒரு ஆளு போதாதா?"

"வீடு உன் பேருல இல்லடா. மனு என் பேருல. நான் நின்னாத்தான் நின்ன மாதிரி."

"செத்துப்போயிட்டா யார் பேருல குடுப்பாங்க?"

"அது வரைக்கும் போகாது." மூச்சு வாங்கினாள். "நெல்லுக் கூலிக்குக் கொடி பிடிச்சோம், கிடைச்சுதா? கிடைக்கல. கதவு மூடியிருந்துச்சு. இப்ப இது ஒண்ணுதான் தொறந்து கிடக்கு. தொறந்து கிடக்கறப்ப உள்ள போயிடணும். அவரு மண்ணு மிதிச்சாருடா அந்த வீட்டுக்கு. ராத்திரி ராத்திரியா மிதிச்சாரு. அதை இன்னொருத்தன் மண்வெட்டியால சரிச்சா நான் என்ன பண்ணுவேன்?"

ஆற்றில் தண்ணீர் இருந்தது. எவ்வளவு பெரிய காற்று அந்தத் தண்ணீர் மேல் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு பிடியைக் கூட அவளால் உள்ளே இழுக்க முடியவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் போனோம்.

*

புளியமரம் வந்தது பங்குனியில். சாலையோரம் நின்ற பெரிய மரம். பேய் பிடித்தவர்களை அதன் அடிக்குக் கொண்டுவந்து, உச்சிமுடியை ஒரு கொத்து மரத்தில் வைத்து ஆணி அடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவார்கள். தலைமுறை தலைமுறையாக அடித்த ஆணிகள். மேலே பட்டை வளர்ந்து மூடிவிட்டதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

"இதை அறுக்க வேணாங்க ஐயா. உள்ள ஆணி கிடக்கும், ரம்பம் போயிடும்" என்று அண்ணன் சொன்னார்.

"ரம்பம் என்னோடது" என்றார் பண்ணைக்காரர். அதிகாரிகள் அந்த வாரம் வருவதாகச் செய்தி.

அண்ணன் வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டார். அது அவர் வழக்கம். வாய் மூடியிருந்தால் தூள் உள்ளே போகாது என்பார். அவர் மனைவி, எங்கள் அண்ணி, காலையிலேயே ஏழெட்டு மடித்துத் துணியில் முடிந்து கொடுத்தனுப்புவார். அன்று சாயங்காலம் மூன்று ஆணியில் ரம்பம் முட்டியது. முட்டிய ஒவ்வொரு தரமும் நெருப்புப் பூ சிதறிக் குழிக்குள் விழுந்தது. ஒரு தரம் அக்காவின் கையில் விழுந்தது. உதறிவிட்டு வாரிக்கொண்டே இருந்தாள்.

"எவளோ ஒருத்தி இறங்கிட்டா. இன்னைக்கு யார் வீட்டுக்குப் போறாளோ" என்று அண்ணன் சிரித்தார்.

கூடையில் வாரிய தூள் எல்லாம் குவியலுக்குப் போயிற்று. அக்கா வழக்கம்போல உச்சியில் குறி வைத்தாள். அன்றைக்கும் வெல்லம் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை படுதாவைத் தூக்கி உள்ளே நுழைந்ததும் ஒரு வாசனை. கெட்ட வாசனை இல்லை. சுட்ட புளியங்கொட்டை மாதிரி. குவியல் அப்படியே இருந்தது, சாணிக் குறி கலையவில்லை. அதன் நெஞ்சுப் பகுதியிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை. அக்கா உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "உள்ள புழுங்குது."

எங்கள் ஊரில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. ஈரத்தோடு போட்ட வைக்கோல் போர் உள்ளே வெந்து சூடேறினால் பிரித்துப் போட வேண்டும். கவைக்கோலை உள்ளே விட்டு, நெஞ்சைக் கிழித்து, இழுத்து, உதறி, பரப்பிவிட வேண்டும். சூடு ஆறிவிடும். கருகின இடத்தை மிதித்து அணைத்துவிடலாம். பத்து வயதிலிருந்து நாங்கள் எல்லோரும் செய்தது. மர மில்லில் பிறந்து வளர்ந்தவர்களாக இருந்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருக்கலாம். நாங்கள் வயலில் பிறந்தவர்கள்.

"பிரிச்சுப் போட்டுடலாம்" என்றேன்.

சொன்னது நான். அக்கா தலையாட்டினாள். அண்ணன், "செய். நான் தண்ணி கொண்டாரேன்" என்று மோட்டாருக்குப் பின்னால் தொட்டி இருக்கிற கிழக்கு மூலைக்குப் போனார். அக்கா மேற்குப் படுதா பக்கம் நின்றாள். நான் கவைக்கோலை எடுத்துக் குவியலின் நெஞ்சில் குத்தி, என் பலம் அவ்வளவையும் போட்டு இழுத்து உதறினேன்.

வைக்கோல் தரையில் விழும். தூள் காற்றில் நிற்கும். இந்த ஒரு வித்தியாசம் எங்கள் யாருக்கும் தெரியாது.

முதலில் வந்தது சின்னது. யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி. மஞ்சளாக ஒரு நாக்கு என் முகத்துக்கு நேரே வந்து புருவத்தைத் தொட்டுவிட்டுப் போயிற்று. அவ்வளவுதான் என்று நினைத்தேன். சிரிப்புக்கூட வந்தது. ஆனால் அந்தப் பெருமூச்சு மேலே போய் விட்டத்தை ஆட்டிவிட்டது. மாதக்கணக்காக அங்கே உட்கார்ந்திருந்த மாவு முழுக்க, திரை இறங்குகிற மாதிரி இறங்கியது. கொட்டகை முழுவதும் வெளுத்தது. எனக்கு அக்கா தெரியவில்லை. அண்ணன் தெரியவில்லை. அந்த வெளுப்புக்குள் படுதா கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

அக்காதான். இத்தனை நாள் ஒரு முழம் தூக்கிய படுதாவை அன்றைக்கு இரண்டு கையாலும் பிடித்துக் கயிற்றோடு பிய்த்தாள். ஒரு கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் களத்து மண்ணில் விழுந்தோம். விழுந்த பிறகுதான் இரண்டாவது வந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது, காதுக்குள் எதுவும் கேட்கவில்லை. ஓடுகள் பறவைக் கூட்டம் மாதிரி எழும்பின. மீதிப் படுதாக்கள் இரண்டும் ஒரே நேரத்தில் உப்பி, எரிந்து, இல்லாமல் போயின.

கிழக்குப் பக்கத்துப் படுதா நன்றாகக் கட்டியிருந்தது. அண்ணன் அந்தப் பக்கம் இருந்தார்.

பிறகு நான் வேறு ஊர்களில் வேறு மில்களில் வேலை பார்த்திருக்கிறேன். ஒன்றில் தூளை உறிஞ்சுவதற்குக் குழாய் போட்டிருந்தார்கள். விட்டத்தில் விரல் வைத்தால் ஒட்டாது. சுவரில் பலகை எழுதி மாட்டியிருந்தார்கள்: தூளைக் கூட்டிப் பறக்க விடாதே, தேங்க விடாதே, புகைந்தால் கிளறாதே, நனை. நாலு வரி. முதல் நாள் அந்தப் பலகைக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. படிக்கத் தெரியாதவன் என்று நினைத்து மேஸ்திரி எனக்குப் படித்துக் காட்டினார்.

*

அண்ணன் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் இறந்துபோனார். அக்காவுக்கு வெளியே பெரிய காயமில்லை. முன்கையில் தோல் உரிந்தது, ஆறிவிட்டது. ஆனால் அந்த ஒரு நொடியில் அவள் எதை உள்ளே இழுத்தாளோ, அது வெளியே வரவில்லை.

விபத்தை விசாரிக்க அதிகாரி வருவதற்கு முந்தின நாள் பண்ணைக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். அதுவரை அவர் வந்ததில்லை. வாசலில் நின்றார். உட்காரச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

"நடந்தது நடந்து போச்சு. போனவனைக் கொண்டார முடியாது" என்றார். "நாளைக்கு வர்ற ஆளு பீடி நெருப்பான்னு கேப்பாரு. ஆமான்னு சொல்லுன்னு நான் சொல்லல. இல்லேன்னு சொல்லாம இருந்தாப் போதும். அடுத்த மாசம் மனை விசாரணை. அங்க நானும் ஒண்ணும் சொல்லாம இருந்துக்கறேன்."

போகும்போது நிலைப்படியில் ஒரு வெல்லப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். அதை யாரும் தொடவில்லை. எறும்பு வந்தது.

மறுநாள் கூரையில்லாத கொட்டகையில் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். அக்காவைப் பார்த்து, "பயப்படாம சொல்லும்மா. அந்த ஆளு பீடி பிடிப்பாரா? அன்னைக்குப் பிடிச்சாரா?" என்று கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. நீண்ட இருமல், குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய. அதிகாரி காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். முதுகைத் தடவுகிறவனுக்குப் பேச வேண்டியதில்லை. அவர் எதையோ எழுதினார்.

அந்த இருமல் உண்மையா என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். உண்மைதான். அவளால் எப்போதும் இரும முடிந்தது. ஆனால் இருமல் நின்ற பிறகும் அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். அண்ணிக்கு எதுவும் வரவில்லை. பக்கத்து வீடு. நடுவில் ஒரு கிளுவை வேலி. அண்ணி எங்களோடு சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் விளக்குமாறு சத்தம் கேட்கும், நிற்கும், கேட்கும்.

*

பட்டா வந்தது. எல்லோருக்கும் சேர்த்து, ஒரு வருடம் கழித்து. சர்வேயர் சங்கிலியோடு வந்தார், கூட கல் நடுகிற ஆள் ஒருவர். சொந்தக்காரர் நாலு மூலைக்கும் வந்து, கல் இறங்கும்போது அதில் கை வைத்து நிற்க வேண்டும். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம்.

மூன்று சென்ட். ஒரு ஆடு மேய்ந்து முடிக்கிற இடம். ஒரு பாட்டு முணுமுணுத்து முடிவதற்குள் சுற்றி வந்துவிடலாம்.

முதல் கல் வாசல் பக்கம், சுலபம். இரண்டாவதுக்குப் போகும் வழியில் அக்கா மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். நான் தூக்குகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையால் காட்டினாள். பேசினால் நடக்க முடியாது, நடந்தால் பேச முடியாது, அந்த நிலைமைக்கு வந்திருந்தாள்.

சர்வேயருக்கு இன்னும் இருபது வீடு அளக்க வேண்டியிருந்தது. "ஏம்மா, மூணு சென்ட்டைச் சுத்த இவ்வளவு நேரமா?" என்றார்.

அக்கா கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்தாள். "பெரிய மிராசு நிலம் ஐயா" என்றாள். "சுத்தி வர... நேரம் ஆவும்."

தெரு சிரித்தது. குழாயடிக்காரி கூட. சர்வேயரும் சிரித்துவிட்டு, சங்கிலியைத் தரையில் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்தார்.

மூன்றாவது கல்லுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நாலாவது, கிளுவை வேலியின் முனையில். எங்கள் மனைக்கும் அண்ணியின் மனைக்கும் பொதுக் கல். அண்ணி ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். கல் நடுகிற ஆள் குழி தோண்டிக் கல்லை இறக்கினார்.

அக்கா வந்து சேர்ந்தாள். கல்லுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். அண்ணியை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணன்..." என்றாள். மூச்சு வாங்கினாள். "பீடி..." மறுபடியும். நாங்கள் எல்லோரும் அந்த மூன்றாவது சொல்லுக்காக நின்றோம். சர்வேயர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "பிடிக்கல."

அண்ணி வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான்தானே வெத்தல மடிச்சுக் குடுத்தேன். எனக்குத் தெரியாதா." பிறகு, "இப்பச் சொல்றே" என்றார்.

அக்கா தலையாட்டினாள். வேறு எதற்கும் மூச்சு இல்லை.

"ரெண்டு பேரும் கல்லுல கை வைங்க. பொதுக் கல்" என்றார் சர்வேயர்.

அக்கா வைத்தாள். மண் ஒட்டிய, தோல் உரிந்து ஆறிய கை. அண்ணி வைக்கவில்லை. கல் நடுகிற ஆள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். வெண்ணாற்றுப் பக்கமிருந்து காற்று வந்து எல்லோர் மேலும் பட்டுக்கொண்டு போயிற்று.

கடைசியில் அண்ணி குனிந்து, கல்லின் மேல் கையை வைத்தார். அக்காவின் கையைத் தொடாமல், ஒரு சாண் தள்ளி.